சுக்காங்கல் காட்டில் லாடம் இல்லாத குதிரை

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆறு வயது கத்தியவார் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். காடு காங்கேயம் பக்கம். பூமி முழுக்கச் சரளையும், சுக்காங்கல் என்கிற சுண்ணாம்புக் கட்டிக்கல்லும். இரண்டு மாதத்துக்கு முன் நான்கு கால் லாடத்தையும் கழற்றிவிட்டீர்கள். தார்ச்சாலையில் நன்றாக நடக்கிறது. கொறங்காட்டுக்குள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குள், இறங்கினால் முன்கால்களைக் குறுக்கிக் குறுக்கி வைக்கிறது, ஓரத்துப் புல்லைத் தேடிப் போகிறது. ஒருவர் வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவச் சொல்கிறார். ஒருவர் உடனே திரும்ப லாடம் அடி என்கிறார். இன்னொருவர் கல்லிலேயே நடக்கவிடு, தானாகக் காய்த்துப்போகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அடுத்த ஆடிக்கு அதன் மேல் ஏறியே சந்தைக்குப் போக முடியுமா, இதுதான் கேள்வி.

ஆயில்காரர் சொல்வது தப்பு. மற்ற இரண்டு பேரும் பாதி சரி. ஆனால் மூவரும் கல்லைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கல்லுக்கும் குதிரையின் எலும்புக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது என்பதை. அது வெளியிலிருந்து தடவி வருவதில்லை. உள்ளிருந்து வளர்ந்து வர வேண்டும். வளரும் வரை மூடி வைக்க வேண்டும். நான் கீழே எழுதப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முன்காலைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் கெட்டியான விளிம்பு தெரியும், அது குளம்பின் சுவர். நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி கொஞ்சம் அமுங்குவது ஃப்ராக். இரண்டுக்கும் இடையில் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருப்பதுதான் அடித்தட்டு. சுவரும் அடித்தட்டும் சேருமிடத்தில் மெல்லியதாக ஒரு வெளிர்மஞ்சள் வளையம் ஓடும், அதை வெள்ளைக் கோடு என்பார்கள். அடித்தட்டுக்கு நேர் மேலே, இரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மெல்லிய சதைப்படலம். அதற்கு மேலே எலும்பு. ஆக, கூரான கல் ஒன்று அடித்தட்டில் குத்தினால் அந்தச் சதை கல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. அடித்தட்டு 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமாக இருந்தால் குதிரை கல்லைப் பொருட்படுத்தாது. 10 மி.மீ.க்குக் கீழே போனால் ஒவ்வொரு ஜல்லியும் தெரியும். உங்கள் குதிரை தார்ச்சாலையில் நன்றாக நடப்பதற்குக் காரணமும் இதுதான். சமதளத்தில் சுவரும் ஃப்ராக்கும் எடையைப் பிரித்து வாங்கிக்கொள்கின்றன, அடித்தட்டின் நடுவில் எதுவும் குத்துவதில்லை.

லாடம் அடித்திருந்த குதிரைக்கு ஏன் அடித்தட்டு மெலிந்துவிடுகிறது? ஒன்று, இரும்பு அடித்தட்டைத் தரையிலிருந்து தூக்கியே வைத்திருந்தது, அதற்கு வேலையே இல்லை. இரண்டு, கத்தி. நம் ஊரில் மாட்டுக்கு லாடம் அடிப்பவரேதான் பெரும்பாலும் குதிரைக்கும் அடிக்கிறார். லாடம் உட்காரச் சமதளம் வேண்டும் என்று அடித்தட்டை வெள்ளையாகத் தெரியும் வரை சீவிவிடுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். இரும்பு இருக்கும் வரை பெரிதாகத் தெரியவும் தெரியாது. இரும்பைக் கழற்றிய அன்று குதிரை செருப்பைத் தொலைத்துவிட்டு முள்காட்டில் நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் குதிரைக்கு லாடத்தைக் கழற்றிய கையோடு, 'கொஞ்சம் சுத்தம் பண்ணி விடுங்க' என்று லாடக்காரரிடம் நானே சொன்னேன். அவர் விரலால் அமுக்கினால் அமுங்கும் அளவுக்குச் சீவிவிட்டார். மூன்றாம் நாள் சரளைப் பாதையில் கூட்டிப்போனேன். பத்தாம் நாள் வலது முன்காலைத் தரையில் வைக்கவே இல்லை, உள்ளே சீழ் கட்டிவிட்டது. ஆறு வாரம் வீணாகப் போனது. அவர் மேல் தப்பில்லை. கேட்டது நான்.

குதிரையைப் பராமரிக்கத் தெரியாத சிக்கல் நம் ஊருக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல்வழியாக ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னர்கள் வாங்குகிறார்கள், ஆண்டுக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணமாம். குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்த ஆட்களை வணிகர்கள் இங்கே வரவே விடுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்!

சரி, உங்கள் குதிரைக்கு இப்போது எவ்வளவு கனம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சரியான வழி எக்ஸ்ரே. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் எலும்பின் நுனிக்குக் கீழே எத்தனை மி.மீ. என்று அளந்தே சொல்லிவிடலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அதுவரை வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். கட்டைவிரலால் அடித்தட்டின் முன்பகுதியை அழுத்துங்கள். துளி அமுங்கினாலும் ஏறி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்து, ஃப்ராக்கின் கூர்முனைக்கு இரண்டு பக்கமும் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தின் அடிக்கும் எலும்புக்கும் உள்ள தூரம் குதிரைக்குக் குதிரை பெரிதாக மாறுவதில்லை. அதனால் பள்ளம் ஆழமாக இருந்தால் சுற்றியுள்ள அடித்தட்டு கனம் என்று எடுத்துக்கொள்ளலாம், பள்ளமே இல்லாமல் தட்டையாக இருந்தால் மெலிது. மூன்றாவது, வெள்ளைக் கோடு. அது ஒரு நூல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். அகலமாக விரிந்து, அதற்குள் பொடிக்கல் சிக்கியிருந்தால், சுவர் எலும்பை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அப்படி விலகினால் எலும்பு கீழே இறங்கி, அடித்தட்டு தட்டையாகி மெலியும். இந்த மூன்றாவது இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தீவனத்தொட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளரும். மேலே முடி முடிகிற இடத்தில் இன்று பிறக்கும் குளம்பு, முன்முனையில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். அதனால்தான் இரண்டு மாதத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். உங்கள் குதிரை இன்று நிற்பது பழைய சொந்தக்காரர் வீட்டுத் தீவனத்தில் வளர்ந்த குளம்பின் மேல். ஆணி ஓட்டைகளே இன்னும் கீழே இறங்கி முடிந்திருக்காது.

'கல்லிலேயே நடக்கவிடு' என்றவரின் பாதி உண்மை எது என்று பார்ப்போம். குளம்பு வேலை செய்தால்தான் கெட்டிப்படும், அதில் சந்தேகமில்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படைத்தலைவர் ஸெனஃபோன், ஈரமான வழவழப்பான தொழுவத்தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்று எழுதினார். நான்கைந்து வண்டி உருண்டைக்கல்லைத் தொழுவத்துக்கு வெளியே கொட்டி, சிதறாமல் விளிம்பு கட்டி, குதிரையை அதன் மேல் நிற்கவிடச் சொன்னார். அவர் காலத்தில் ஆணி அடித்த லாடம் கிடையாது, குளம்புதான் படைபலம். அந்த யோசனை இன்றைக்கும் செல்லும். ஆனால் அவர் சொன்னது உருண்டைக்கல், நிற்பதற்கு. கருங்கல் குவாரியில் உடைத்த ஜல்லி இல்லை, ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுவதற்கும் இல்லை. நாலு பக்கமும் விளிம்பு கூராக உள்ள முக்கால் ஜல்லியில் மெலிந்த அடித்தட்டு காய்த்துப்போகாது, கன்றிப்போகும். கன்றிய இடத்தில் குதிரை நுனிக்காலால் நடக்கும். குதிகால் தரையைத் தொடாமல் நடந்தால் பின்பக்கம் வளராது. அப்புறம் வலி போனாலும் நடை திரும்பாது. காட்டுக்குதிரை லாடமா போடுகிறது என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் கல்நிலத்தில் திரியும் ப்ரம்பிக் குதிரைகளின் குளம்பை ஆராய்ந்தவர்கள் கெட்டியான அடித்தட்டையும் பார்த்தார்கள், கூடவே நிறையக் குளம்புக் கோளாறுகளையும் பார்த்தார்கள். காட்டில் நொண்டுகிற குதிரையைப் பற்றி யாரும் வந்து நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு உருண்டைக் கூழாங்கல் கொட்டுவது. பட்டாணியிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை போதும், அரையடி ஆழம். தோட்ட அலங்காரத்துக்கு விற்பதே கிடைக்கிறது, ஆற்றில் போய் அள்ள வேண்டாம். கட்டுப்படி ஆகவில்லை என்றால் கொஞ்ச இடத்துக்குப் போட்டுவிட்டு மீதிக்குப் பெருமணல் போடுங்கள். குதிரை தண்ணீர் குடிக்க நாளைக்குப் பல முறை தானாகவே வந்து நிற்கும். கூழாங்கல் காலுக்குக் கீழே நகர்ந்து ஃப்ராக்கையும் அடித்தட்டையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாங்கும், ஒரு புள்ளியில் குத்தாது. நடக்க வைப்பதற்குத் தார்ச்சாலைதான் நல்ல பள்ளிக்கூடம். காலையில் வெயில் ஏறும் முன், ஏறாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேர்க்கோட்டில் பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வட்டமாகச் சுற்றவிடாதீர்கள், குளம்பு தேய்ந்து முறுகும். பக்கத்தில் நின்று யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குதிகால் முதலில் படுகிறதா, நுனி முதலில் படுகிறதா என்று. குதிகால் முதலில் பட ஆரம்பித்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஆமாம், மீதிப் பாதியையும் தாண்ட வேண்டும்.

இனித் தீவனம். குளம்பைப் பற்றிக் கேட்டால் இவன் ஏன் தொட்டியைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். லாடமில்லாத குதிரையின் விஷயத்தில் முக்கால்வாசி வேலை அங்கேதான் நடக்கிறது.

மக்காச்சோளம், வெல்லம், கருப்பட்டி, கோதுமைத் தவிடு, இவைதான் நம் பக்கம் குதிரைக்கு 'தெம்பு'. மாவுச்சத்தும் சர்க்கரையும் அளவு மீறினால் குளம்புச் சுவரை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் மடிப்புகளில் அழற்சி வரும். கடுமையாக வந்தால் குதிரை முன்காலை நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்கும். அது அவசரநிலை, உடனே மருத்துவர் வேண்டும். ஆனால் லேசாக வந்தால் யாருக்கும் தெரியாது. கல்லில் மட்டும் 'கொஞ்சம் கூசுகிறது' என்று தெரியும். உங்கள் குதிரை கூசுவது முழுக்க அடித்தட்டு மெலிந்ததால்தானா, இதுவும் கலந்திருக்கிறதா என்று பிரித்தறிய வெல்லத்தையும் மக்காச்சோளத்தையும் ஒரு மாதம் முழுசாக நிறுத்திப் பாருங்கள். நடை மாறினால் பதில் கிடைத்துவிட்டது. வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குக் காய்ந்த புல்லும் கொஞ்சம் ஊறவைத்த கொள்ளும் உப்புக்கட்டியும் போதும்.

உங்கள் கொறங்காட்டில் இருப்பது பெரும்பாலும் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் காளைக்கு அது அமிர்தம். குதிரைக்கு அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் புல்லில் ஆக்ஸலேட் என்கிற உப்பு அதிகம். மாட்டின் வயிறு அதைச் சமாளித்துக்கொள்ளும். குதிரையிடம் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். மாதக்கணக்கில் அதையே மேய்ந்தால் எலும்பு இளகி முகம் வீங்கும், கால் கூசும். கோ-4 மாதிரி கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் இதே கதை. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது இன்னும் மோசமாக்கும். மாற்று வெகு எளிது, கொஞ்சம் குதிரைமசால் கலந்து கொடுங்கள். நம் முன்னோர் அதற்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. சுண்ணாம்புச் சத்து அதில் நிறைய. ஆட்டுக்கு ஒடித்துப்போடும் சூபாபுல் தழையை மட்டும் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்கிற நஞ்சு பிடரிமயிரையும் வால்மயிரையும் உதிர்த்து, குளம்பையும் கெடுக்கும். வேலியோரம் நிற்கிறதே என்று கட்டிப்போட்டால் அடுத்த ஆண்டு குளம்பில் வரிவரியாகத் தெரியும்.

குளம்பு வளரத் துத்தநாகமும் தாமிரமும் வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குத் துத்தநாகம் சுமார் 400 மி.கி., தாமிரம் சுமார் 100 மி.கி. உங்களுடையது 350 கிலோ இருக்கலாம், அந்த அளவில் குறைத்துக்கொள்ளுங்கள். பயோட்டின் என்கிற வைட்டமின் நாளுக்கு 15 முதல் 20 மி.கி. கொடுத்தால் குளம்பின் தரம் கூடும். ஆனால் ஒன்பது மாதமாவது விடாமல் கொடுக்க வேண்டும், ஒரு டப்பா தீர்ந்ததும் நிறுத்துவதில் பலனில்லை. மருந்துக்கடையில் கேட்டால் மாட்டுக்கான கலவையைத் தூக்கிக் கொடுப்பார்கள். டப்பா மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். மோனென்சின் என்ற மருந்தின் பெயர் இருந்தால் தொடவே கூடாது. மாட்டையும் கோழியையும் ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். கோழித்தீவனத்தில் இந்த வகை மருந்துகள் கலப்பது வழக்கம். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை இல்லாத தெரு இல்லை, மிச்சத் தீவன மூட்டை மலிவாகக் கிடைக்கும். குளம்புக்கு இதில் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஆயிலுக்கு வருகிறேன். பழைய எஞ்சின் ஆயில் குளம்பைப் பளபளப்பாக்கும், ஒரு மி.மீ. கனம்கூடச் சேர்க்காது. அதிலுள்ள கழிவு தோலை அரிக்கும். வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் தீங்கில்லை, பலனும் இல்லை. கெட்டிப்படுத்தவென்று ஃபார்மலின் ஊற்றச் சொல்வார்கள், அது செத்த மேல்பகுதியைக் கல்லாக்கி வெடிக்க வைக்கும், ஃப்ராக்கைப் பொசுக்கும். எதுவும் தடவ வேண்டாம். காலைத் தினமும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்து, சிக்கிய கல்லை எடுத்தால் அதுவே பெரிய வேலை. நிற்கும் இடம் காய்ந்திருக்கட்டும். முன்னும் பின்னும் கயிறு போட்டு ஒரே இடத்தில் கட்டினால் குதிரை தன் மூத்திரத்திலேயே நிற்கும். ஊறிய குளம்பு மிருதுவாகும், மிருதுவான குளம்பைச் சுக்காங்கல் எளிதாகக் குத்தும். ஐப்பசி மழையில் கல்காட்டுப் பக்கமே கூட்டிப்போகாதீர்கள். ஃப்ராக்கின் பள்ளத்தில் கருப்பாக, நாற்றத்தோடு கசிவு இருந்தால் அழுகல் பிடித்திருக்கிறது. நன்றாகக் கழுவித் துடைத்து, காயவிட்டு, போவிடோன் அயோடின் சில நாள் வையுங்கள். மயில்துத்தமும் கேட்கும், ஆனால் சதை தெரியும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். ஃப்ராக் அழுகிய குதிரை குதிகாலைத் தரையில் வைக்கப் பயப்படும். அதைச் சரிசெய்யாமல் நடைப்பயிற்சி கொடுத்து ஒன்றும் ஆகாது.

குளம்பு வெட்டுவதில் ஒரே கட்டளை: அடித்தட்டைத் தொடாதே. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் சுவரின் விளிம்பை மட்டும் உருட்டிவிட வேண்டும், கல் பட்டால் பிளக்காதபடி. முன்முனை நீண்டு முறம் மாதிரி விரிந்திருந்தால் அதையும் முன்பக்கத்திலிருந்து அரத்தால் கொண்டுவர வேண்டும். லாடக்காரரிடம் 'கத்தியை வெளியே எடுக்காதீங்கண்ணா, அரம் மட்டும் போதும்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் தப்பான ஆள் இல்லை, இரும்பு அடிக்கக் கற்றவர்.

சரி, குளம்பு வளர ஒரு வருடம் என்றால் அதுவரை காட்டுக்குள் எப்படிப் போவது? பூட்ஸ். குதிரைக்கென்றே ரப்பரிலும் கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் செய்த செருப்பு. ரோமானியர்கள் இரும்பில் செய்து தோல்வாரால் கட்டியதன் பேரப்பிள்ளை. ஈஸிபூட், கவாலோ, ஸ்கூட் பூட் என்று பல வகை உண்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலை கடிக்கும். முதலில் முன்கால் இரண்டுக்கு மட்டும் வாங்கினால் போதும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்காலில்தான். அளவு எடுப்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அரம் போட்ட அன்றே, குளம்பின் அடியில் அகலமான இடத்தையும், முன்முனையிலிருந்து குதிகால் முடியும் இடம் வரையும் மி.மீ. கணக்கில் அளக்க வேண்டும். நாலு வாரம் வளர்ந்த குளம்பை அளந்தால் அரம் போட்டதும் செருப்பு கழன்று விழும். இடது வலது ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் வீட்டைச் சுற்றி இருபது நிமிடம், கழற்றிக் குதிகால் மேட்டில் முடி உதிர்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம்தான் காடு. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இரவு முழுக்கப் போட்டுவைத்தால் உள்ளே வேர்த்து அழுகல் பிடிக்கும். அடித்தட்டு ரொம்ப மெலிதாக இருந்தால், யோகா பாய் விற்கிறார்களே, அந்த நுரைப்பாயை உள்ளே வெட்டிப்போட்டால் குதிரை சந்தோஷமாகக் குதிகாலை ஊன்றும். நடை திருந்துவதற்கே இது உதவுகிறது. பூட்ஸ் போட்டால் குளம்பு சோம்பேறியாகிவிடும் என்பவர்களை நம்பாதீர்கள். வலியோடு குறுக்கி நடக்கும் பத்து நிமிடத்தைவிடப் பூட்ஸோடு நீட்டி நடக்கும் ஒரு மணி நேரம் குளம்புக்கு நல்லது. கலிஃபோர்னியாவில் சியெரா நெவாடா மலைக்கற்களில் ஒரே நாளில் 160 கி.மீ. ஓட்டும் டெவிஸ் கோப்பைப் பந்தயத்தையே பூட்ஸ் போட்ட குதிரைகள் முடித்திருக்கின்றன.

திரும்ப லாடம் அடிக்கச் சொன்னவரின் பாதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். குதிரையை நம்பித்தான் வருமானம், கல்யாண ஊர்வலத்துக்கோ வண்டிக்கோ அடுத்த வாரமே போயாக வேண்டும், பூட்ஸ் வாங்கக் காசில்லை என்றால் லாடம் அடிப்பதில் எந்தப் பாவமும் இல்லை. வலியோடு நடக்கவைப்பதுதான் பாவம். ரேக்ளாவுக்குத் தார்ச்சாலையில் ஓடும் குதிரைக்குச் சுவர் வளர்வதைவிட வேகமாகத் தேயும், அங்கேயும் இரும்பு வேண்டியிருக்கும். ஆனால் லாடம் கல்லுக்கு முழுத்தீர்வு என்று மட்டும் எண்ணாதீர்கள். அது ஓரத்தை ஒரு விரல்கனம் தூக்கிவைக்கிறது, நடு அடித்தட்டு திறந்தேதான் கிடக்கிறது. கோழிமுட்டை அளவுக் கல் நேராக அங்கேதான் குத்தும். உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை, காடு இருக்கிறது, பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிறீர்கள். என் கையில் இருந்தால் நான் அடிக்கமாட்டேன்.

கல்லில் ஓட்டும்போது கடிவாளத்தைத் தளர்த்திவிடுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தித் தானே வழி பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எல்லா வீட்டு விலங்குகளிலும் அந்தக் கிருமிக்கு மிக எளிதாகப் பலியாவது குதிரைதான், அது நுழைய முள் குத்திய ஓட்டை போதும். திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், குளம்பு சூடாக இருந்தால், கணுவுக்குப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்துப் பார்க்கையில் நாடி தடதடவென்று அடித்தால், பெரும்பாலும் உள்ளே சீழ். நல்ல நாளில் அந்த நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்றே தேடிப் பழகிக்கொள்ளுங்கள். மருத்துவர் வரும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் கால் மணி நேரம் காலை ஊறவையுங்கள், பிறகு குழந்தை டயாப்பரைக் குளம்பில் சுற்றி மேலே பெரிய டேப்பை ஒட்டிவிடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நன்றாக நிற்கும். ஆணி ஏறியிருந்தால், மருத்துவர் சீக்கிரம் வர முடியும் என்றால் பிடுங்க வேண்டாம். எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அப்படியே எக்ஸ்ரேயில் பார்த்தால்தான் தெரியும்.

ஆடிச் சந்தை. காங்கேயத்திலிருந்து ஈரோடு தாண்டி அந்தியூர் வரை என்றால், உங்கள் குதிரைக்கு அது ஒரு நாளில் போகிற தூரமில்லை. மாதாமாதம் ஒன்றாம் தேதி நான்கு குளம்பையும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்து வைத்துக்கொண்டே வாருங்கள். சித்திரைக்குள் பள்ளம் ஆழமாகி, வெள்ளைக் கோடு இறுகி, காட்டில் வெறுங்காலோடு உங்களை ஏற்றாமல் தாராளமாக நடந்தால், பூட்ஸ் போட்டு இரண்டு நாள் பயணமாகப் பிரித்துப் போகலாம். மாற்று பூட்ஸ் ஒரு ஜோடியும் டேப்பும் பையில் இருக்கட்டும். அப்படி ஆகவில்லை என்றால் குட்டியானை வண்டியில் குதிரை ஏற்றக்கூடாது, நல்ல லாரியாகப் பேசிவிடுங்கள், கீழே மண் கொட்டி. சந்தையில் குதிரையை வாங்கினவரைப் பார்க்க விற்றவர் கட்டாயம் வருவார். அவர் முதலில் தூக்கிப் பார்ப்பது முன்காலைத்தான்.